புராஜெக்ட்டை காசு கொடுத்து வாங்கலாமா? பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலேயே இருக்கு ஐடியா!

பாவூர்சத்திரம்:

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் கடைசி வருஷம் வந்தாலே, "புராஜெக்ட்டுக்கு பணம் வேணும்பா" என்று வந்து நிற்பார்கள். பெற்றோரும் கடனை, உடனை வாங்கி கொடுத்து விடுகிறார்கள்.

ஆனால் ரெடிமேடாக வாங்கிய புராஜெக்ட், வேலைக்கான இன்டர்வியூவில் காலை வாரி விடும். "இந்த வரி எதுக்குப்பா?" என்று கேட்டால் பதில் வராது.

சொந்தமாக செய்வது பெரிய வித்தை இல்லை. அதற்கான வழி வருமாறு:-

மார்க்கெட் சீட்டு

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு விவசாயி தக்காளி கொண்டு வருகிறார். எடை எவ்வளவு, விலை என்ன, பிடித்தம் போக கைக்கு எவ்வளவு? இந்த கணக்கை போட்டு சீட்டு அடிக்கும் புரோகிராம் ஒன்றே போதும்.

8 வாரத்தில் முடிக்கலாம்

முதல் வாரம்: கம்ப்யூட்டரை தொடவே வேண்டாம். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, கணக்கு எழுதுவதை பக்கத்தில் இருந்து பாருங்கள்.

2-வது வாரம்: திரையில் என்னென்ன கட்டம் வரவேண்டும் என்று பேப்பரில் வரையுங்கள்.

3 முதல் 6: புரோகிராம் எழுதும் வேலை. 2019-ல் வந்த பிளஸ்-2 கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்திலேயே பைதான் பாடம் இருக்கிறது. பைதான், எஸ்கியூலைட் இரண்டும் இலவசம். முதலில் ஒரு விவசாயி, ஒரு காய். அது சரியாக ஓடிய பிறகுதான் அடுத்தது.

7-வது வாரம்: பழைய சீட்டு பத்தை எடுத்து, பைசா சுத்தமாக கணக்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

8-வது வாரம்: பிழை திருத்தம், ரிப்போர்ட்.

தினமும் வேலை முடிந்ததும் பென் டிரைவில் ஒரு காப்பி கட்டாயம். கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் உழைப்பு போகாது.

நடுவில் "செல்போன் ஆப் சேர்க்கலாம், ஆன்லைன் பேமெண்ட் சேர்க்கலாம்" என்று ஆசை வரும். அங்கேதான் பல புராஜெக்ட் பாதியில் நிற்கிறது. ஆசையை நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

ஏ.ஐ.யிடம் சந்தேகம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அது எழுதி கொடுத்த ஒரு வரி புரியவில்லை என்றாலும், அது காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் மாதிரிதான்.

சின்னதாக தொடங்கியவர்

பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது கல்லூரி மாணவர், 1991-ல் பொழுதுபோக்காக தொடங்கிய வேலைதான் லினக்ஸ். இன்று நம்ம கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமே அதுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்திலேயே ஜோஹோ சாப்ட்வேர் கம்பெனி அலுவலகம் வந்துவிட்டது. பிளஸ்-2, டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்து பயிற்சி கொடுத்து, பட்டம் இல்லாமலே வேலைக்கு எடுக்கும் கம்பெனி அது.

அப்படிப்பட்ட இடத்தில் பெரிய பெயர் வைத்த புராஜெக்ட் செல்லாது. "நானே செய்தேன், மார்க்கெட்டில் ஓடுது" என்று சொல்ல முடிந்தால், அந்த சின்ன சீட்டுதான் பிள்ளைக்கு சிபாரிசு கடிதம்!