பிரியாவின் வலியை நினைவில் கொள்வோம்

சென்னை ராணி மேரி கல்லூரியில் முதலாமாண்டு படித்துவந்த கால்பந்து வீராங்கனை பிரியா, 2022 நவம்பர் 15 அன்று உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 17. முழங்கால் சவ்வுக் கிழிவைச் சரிசெய்ய, அதற்கு ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்பு பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில் அவருக்கு அறுவைசிகிச்சை நடைபெற்றிருந்தது. பின்னர் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அவருடைய வலது கால் அகற்றப்பட்டது. அதன் பிறகும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை.

வியாசர்பாடி அவரைக் கண்ணீருடன் வழியனுப்பியது. காலை இழந்த பிறகும் மைதானத்துக்குத் திரும்புவேன் என்று தோழிகளுக்குச் செய்தி வைத்த பெண் என்றே அவரை நேரில் அறியாதவர்களும் நினைவுகூர்கிறார்கள். குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் நிதி வழங்கியது. மருத்துவர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். துயரம், கோபம், நிவாரணம் ஆகிய மூன்றும் இயல்பானவை. ஆனால், அவர் எதனால் இறந்தார் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வதும் நினைவுகூர்தலின் ஒரு பகுதிதான். அந்த அறிவு இன்னொரு காலை, இன்னோர் உயிரைக் காக்கக்கூடியது.

ஒரு கட்டு எப்படி உயிரைப் பறிக்கும்?

ரத்தக் கசிவையும் வீக்கத்தையும் தடுக்க, அறுவைசிகிச்சைக்குப் பிறகு மூட்டைச் சுற்றி அழுத்தக் கட்டு போடுவது வழக்கம். பிரியாவுக்குப் போடப்பட்ட ‘கம்ப்ரஷன் பேண்டேஜ்’ இறுக்கமாக இருந்ததால் ரத்த ஓட்டம் தடைபட்டதாகச் சுகாதாரத் துறை தெரிவித்தது.

நம் கை கால்களில் உள்ள தசைகள், எளிதில் விரிவடையாத உறைகளுக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடிபட்ட இடமோ அறுவைசிகிச்சை செய்த இடமோ வீங்கும்போது உறைக்குள் அழுத்தம் கூடுகிறது. வெளியே இறுக்கமான கட்டும் இருந்தால் அழுத்தம் மேலும் உயர்ந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை நசுக்கிவிடும். மருத்துவர்கள் இதை ‘கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்’ என்பார்கள். ரத்தம் கிடைக்காத தசை சில மணி நேரமே தாக்குப்பிடிக்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தைக் கடந்தால் மீட்க முடியாத சேதம் தொடங்கிவிடும். மடிந்த தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியமும் மயோகுளோபின் என்னும் புரதமும் ரத்தத்தில் கலந்து, இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். முழங்காலில் தொடங்கிய சிக்கல் உடல் முழுவதையும் முடக்குவது இப்படித்தான்.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட ஆபத்து அல்ல. இறுக்கமான கட்டுகளால் தசைகள் மடிந்து, கை விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போவதை ஜெர்மானிய அறுவைசிகிச்சை வல்லுநர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881லேயே விவரித்துவிட்டார். மாவுக் கட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் நாட்டுக் கட்டு, நவீன அழுத்தக் கட்டு எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

முதல் சாட்சி வலி

இந்த ஆபத்தின் முதன்மை அடையாளம் வலி. காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி. மருந்து கொடுத்த பிறகும் மணிக்கு மணி கூடும் வலி. விரல்களை மற்றவர் மெல்ல நீட்டினாலும் தாங்க முடியாத வலி. அடுத்து மதமதப்பும் உணர்விழப்பும் வரும். கால் வெளுப்பதும் சில்லிடுவதும் நாடி மறைவதும் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் தெரியும். ஆகவே, நாடி துடிக்கிறது என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவுசெய்துவிட முடியாது.

அப்போது செய்ய வேண்டியதும் தெளிவானது. மருத்துவக் குழுவினர் கட்டைத் தோல் தெரியும்வரை உடனே பிரித்துப் பார்க்க வேண்டும்; மூத்த மருத்துவரை அழைக்க வேண்டும். அழுத்தம் குறையவில்லை என்றால், தசை உறையைத் திறந்துவிடும் அவசர அறுவைசிகிச்சை தேவைப்படும். நோயாளியின் புகாரைக் கேட்காமல், வலி மருந்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஆபத்தை அறிவிக்கும் ஒரே குரலையும் அடக்கிவிடுகிறோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் பல உயிர்களைக் காத்துவருகிறது. ஆனால், நோயாளி அறுவை அரங்கைவிட்டு வெளியேறும்போது அந்தப் பட்டியல் முடிந்துவிடுகிறது. கட்டு இறுகும் ஆபத்து அதன் பிறகு, வார்டில், பெரும்பாலும் இரவு நேரத்தில்தான் தலைதூக்குகிறது. அங்கே பணியில் இருப்பவர்கள் ஒரு சில செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களுமே.

மைதானத்துக்கு வெளியேயும்

இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமான செய்தி அல்ல. ஒரகடம், வடக்குப்பட்டு, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உலோகத் தகடுகளை அழுத்தி உருவாக்கும் பிரஸ் இயந்திரங்களிலும் கனரக வாகனங்களிடையேயும் பல்லாயிரம் இளைஞர்கள் உழைக்கிறார்கள். கையோ காலோ நசுங்கும் விபத்துகளும் இதே ஆபத்தைக் கொண்டுவரும். கட்டுப் போட்டுக்கொண்டு விடுதி அறைக்குத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளி, இரவில் வலியால் துடித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடும். அந்தக் காத்திருப்பில் அவர் கையை இழக்க நேரலாம். முதலுதவி அறையிலும் விடுதிச் சுவரிலும் அவரவர் மொழியில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும்: கட்டுப் போட்ட பிறகு வலி கூடினால் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.

நினைவு செய்ய வேண்டிய வேலை

அமெரிக்காவின் லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து நட்சத்திரம் ஹேங்க் கேதர்ஸ், 1990 மார்ச் 4 அன்று ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து இறந்தார். அவருக்கு வயது 23. மூன்று மாதங்களுக்கு முன்பும் ஓர் ஆட்டத்தில் அவர் மயங்கி விழுந்திருந்தார். சீரற்ற இதயத் துடிப்பு இருப்பது அப்போதே கண்டறியப்பட்டிருந்தது. அவருடைய மறைவுக்குப் பிறகு நடந்த தேசியத் தொடரில், வலக்கை ஆட்டக்காரரான நண்பர் போ கிம்பிள், ஒவ்வோர் ஆட்டத்திலும் தனது முதல் ‘ஃப்ரீ த்ரோ’வை நண்பனைப் போல இடக்கையால் எறிந்தார். ரசிகர்கள் இன்றும் அதை நெகிழ்ச்சியுடன் பேசுகிறார்கள். கிம்பிள் அத்துடன் நின்றுவிடவில்லை. இதயம் நின்றவர்களுக்குச் செய்ய வேண்டிய முதலுதவியைப் பரப்பும் பணியிலும் பின்னாளில் இறங்கினார். நினைவு அங்கே சடங்காக நிற்காமல் பயிற்சியாக மாறியது.

பிரியாவின் நினைவும் அப்படி மாற வேண்டும். கை கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகான முதல் 24 மணி நேரத்தில் வலி, உணர்வு, விரல் அசைவு ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் சோதித்து, நேரத்துடன் பதிவுசெய்வது எல்லா மருத்துவமனைகளிலும் கட்டாயமாக வேண்டும். வலியைப் பற்றி இரண்டாம் முறை புகார் வந்தால், மூத்த மருத்துவர் நேரில் வந்து கட்டைப் பிரித்துப் பார்ப்பது விதியாக வேண்டும். காயமடைந்த மாணவரைக் கல்லூரிகள் தனியே விட்டுவிடக் கூடாது; சிகிச்சை முடியும்வரை பயிற்சியாளரோ உடற்கல்வி ஆசிரியரோ உடனிருக்க வேண்டும். ஏழைக் குடும்பத்துப் பெற்றோரின் குரல் எடுபடாத இடத்தில் அவர்களுடைய குரல் எடுபடலாம்.

விளையாட்டு வீரர்களுக்கு வலியைத் தாங்கிக்கொள்ளத்தான் கற்றுத்தருகிறோம். எந்த வலியைத் தாங்கக் கூடாது என்பதையும் இனிச் சேர்த்தே கற்றுத்தர வேண்டும். மைதானத்துக்குத் திரும்ப விரும்பிய பிரியாவுக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலி அதுவே.