அவசர சிகிச்சையும் நோயாளர் பதிவேடும்

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் மாண்டனர். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட இவ்வெண்கள், போலீஸ் நிலையங்களில் பதிவான வழக்குகளிலிருந்து திரட்டப்பட்டவை. விபத்து எவ்விடத்தில் நேர்ந்தது, எவ்வகை வாகனம் மோதியது என்பனவற்றை இவற்றினின்றும் அறியலாம். ஆனால், மாண்டவர்களுள் எத்தனை பேர் உயிருடன் மருத்துவமனை வாயிலை அடைந்தனர், அப்போது அவர்களுடைய நாடியும் மூச்சும் எந்நிலையில் இருந்தன, எவ்வளவு நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கிற்று என்பவற்றை இவை கூறா. இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தாலன்றி, காப்பாற்றியிருக்கக் கூடிய உயிர்கள் எவை என்பதையும், எந்தக் கட்டத்தில் அவை கைநழுவின என்பதையும் எவராலும் சொல்ல இயலாது.

அவ்விடை மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்படும் குறிப்புகளில் இருத்தல் வேண்டும். போதிய ஆட்களும் கருவிகளும் இல்லாத இடங்களில் அக்குறிப்புகளை எங்ஙனம் சேகரிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு நோயாளி, பல ஏடுகள்

புனே நகரின் வடகிழக்கே, விமான நிலையத்தையொட்டி விமான் நகர் அமைந்துள்ளது. அதனை அடுத்துச் செல்லும் ‘நகர் ரோடு’ எனும் போக்குவரத்து மிகுந்த சாலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து மூர்ச்சையுற்றதாகக் கொள்வோம். 108 என்ற எண்ணுக்குச் செய்தி செல்கிறது. மகாராஷ்டிரத்தில் இச்சேவை 2014-ஆம் ஆண்டில் 937 ஆம்புலன்ஸ் வண்டிகளுடன் தொடங்கப்பட்டது; அவற்றுள் 233 வண்டிகள் உயர்தர உயிர்காப்புக் கருவிகள் கொண்டவை. செய்தி வந்த நேரம், வண்டி சென்றடைந்த நேரம், முதன்முதலில் அளந்த இரத்த அழுத்தம் ஆகியன வண்டியில் உள்ள தாளில் குறிக்கப்படுகின்றன.

நோயாளி ஒரு பெரிய அரசு மருத்துவமனையை அடைந்ததும் வேறு ஏடுகள் தொடங்குகின்றன. போலீசாருக்கு வேண்டிய விபத்துப் பதிவேடு ஒன்று. வார்டில் நோயாளியின் வரலாற்றுத் தாள் ஒன்று. அறுவைக் கூடத்தில் மற்றொன்று. இறக்க நேரிட்டால் பிரேதப் பரிசோதனை அறிக்கை இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை எண் உண்டு. மூர்ச்சையுற்று வந்தவரின் பெயர் முதலில் ‘அடையாளம் தெரியாதவர்’ என்று எழுதப்படும். மறுநாள் உறவினர் வந்து பெயரைக் கூறுவர். எனவே, பெயரைக் கொண்டு இந்த ஏடுகளை ஒன்றிணைக்க முயல்வது பெரும்பாலும் வீண் முயற்சியே. ஆம்புலன்சில் கொடுக்கப்படும் ஒரே எண் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் எழுதப்பட்டு, எல்லா ஏடுகளிலும் இடம்பெறுமாயின் இக்குறை நீங்கும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

எதைக் குறித்தல் வேண்டும்?

காயமுற்றோர் விவரங்களைக் கணிப்பொறியில் தொகுக்கும் பதிவேடு 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள குக் கவுன்டி மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. 1974-இல் உடலின் பல பகுதிகளில் ஏற்பட்ட காயங்களின் கடுமையை ஒரே எண்ணாகக் கணக்கிடும் முறை வகுக்கப்பட்டது. இம்முறை மிகப் பயனுள்ளதாயினும், உள்ளுறுப்புகளின் காயங்களைத் திட்டமாக அறிந்திருந்தாலன்றிக் கணக்கிட முடியாது. ஸ்கேன் வசதியோ அறுவையோ பிரேதப் பரிசோதனையோ இல்லாதவிடத்து இது பயன்படாது.

இவ்விடர்ப்பாட்டை உணர்ந்து, ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் கம்பாலா நகரின் பெயரால் வழங்கும் எளிய அளவுமுறை ஒன்று உருவாக்கப்பட்டது. இதற்கு வேண்டியவை ஐந்தே செய்திகள்: நோயாளியின் வயது, இரத்த அழுத்தத்தின் மேல் எண், நிமிடத்திற்கு எத்தனை மூச்சு, பிரக்ஞை நிலை, கடுமையான காயங்களின் எண்ணிக்கை. பிரக்ஞையை அறிவதற்கும் கருவி வேண்டியதில்லை. நோயாளி விழிப்புடன் உள்ளாரா, அழைத்தால் செவிசாய்க்கிறாரா, வலிக்கு மட்டும் அசைகிறாரா, எதற்கும் அசைவற்றுக் கிடக்கிறாரா என்று நோக்கினால் போதும். பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் சில நிமிடங்களில் இவ்வைந்தையும் குறித்துவிடலாம்.

இவற்றுடன் வருகை நேரமும், நோயாளியின் இறுதி நிலையும் சேர்ந்தால் பதிவேடு முழுமை பெறும். பிழைத்து வீடு சென்றாரா, வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டாரா, இறந்தாரா என்பதே இறுதி நிலை. இது குறிக்கப்படாத பதிவேட்டைக் கொண்டு சிகிச்சையின் பயனை மதிப்பிட வழியில்லை.

வெற்றிடத்தின் பொருள்

பதிவேடுகளில் நிரப்பப்படாத கட்டங்கள் இருப்பது இயல்பு. அவற்றைத் தள்ளிவிட்டு எஞ்சியவற்றைக் கொண்டு கணக்கிட்டால் போதும் என்று எண்ணுவது பெரும் பிழைக்கு இடந்தரும். ஏனெனில் வெற்றிடங்கள் எல்லா நோயாளிகளிடத்தும் ஒரே அளவில் தோன்றுவதில்லை. உயிர் ஊசலாடும் நோயாளி வரும்போது எல்லோருடைய கைகளும் சிகிச்சையில் ஈடுபடுகின்றன. பேனாவை எடுக்க எவருக்கும் ஓய்வில்லை. ஆகவே யாருடைய விவரம் மிகவும் தேவையோ, அவருடைய கட்டமே வெறுமையாக இருந்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். நூறு நோயாளிகளுள் தொண்ணூறு பேருக்கு இரத்த அழுத்தம் குறிக்கப்பட்டு, அவர்களுள் ஆறு பேர் இறந்ததாகக் கொள்வோம். குறிக்கப்படாத பத்துப் பேருள்ளும் ஆறு பேர் இறந்தனர். வெற்றிடங்களைத் தள்ளிக் கணக்கிட்டால் இறப்பு விகிதம் நூற்றுக்கு ஏழுக்கும் குறைவாகத் தோன்றும். உண்மையிலோ அது பன்னிரண்டு. மருத்துவமனை தன்னைத் தானே ஏமாற்றிக் கொள்வதற்கு வேறு வழி தேவையில்லை.

இதற்குப் பரிகாரம் எளியது. கட்டத்தை வெறுமையாக விடாமல், ‘அளக்கப்படவில்லை’, ‘அளக்க முயன்றும் கிட்டவில்லை’, ‘கருவி இல்லை’ என்ற மூன்றுள் ஒன்றைக் குறித்தல் வேண்டும். முதலாவது பணியாளர் பற்றாக்குறையையும், இரண்டாவது நோயாளியின் அபாய நிலையையும், மூன்றாவது நிர்வாகத்தின் குறையையும் காட்டும்.

எழுதுவோர் யார்?

2013 முதல் 2015 வரை மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களின் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. இதற்கெனவே அமர்த்தப்பட்ட அலுவலர்கள் எட்டு மணி நேர முறைப்பணியில் அவசரப் பிரிவில் நின்று, நேரில் கண்டவற்றைக் குறித்தனர். பிற நேரங்களில் வந்தோரின் விவரங்களை ஏடுகளிலிருந்து எடுத்தனர். ஏறத்தாழ 16,000 நோயாளிகளைப் பற்றிய இத்தொகுப்பில், ஐந்தில் ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்தது தெரியவந்தது. நெரிசல் மிகுந்த மருத்துவமனைகளிலும் நம்பத்தக்க விவரங்களைத் திரட்ட இயலும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் தனி அலுவலரை ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் அமர்த்துவது எளிதன்று. ஆதலால், சிகிச்சைக்கு ஒரு தாள், பதிவேட்டிற்கு மற்றொரு தாள் என்றில்லாமல், சிகிச்சைத் தாளையே பதிவேடாக அமைப்பது சிறந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்டுள்ள மாதிரிப் படிவங்கள் இவ்வகையின. மூச்சுப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்று பரிசோதிக்க வேண்டிய வரிசையிலேயே கட்டங்கள் அமைந்திருப்பதால், படிவத்தை நிரப்புபவர் எதனையும் மறவாமல் பரிசோதிக்கவும் நேர்கிறது. 2019-ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தீர்மானமும், அவசர சிகிச்சை விவரங்களை ஒரே சீராகத் திரட்டுமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

தமிழ்நாட்டில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ் நோயாளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என நிலைமைக்கேற்ப வகைப்படுத்தப்படுகின்றனர். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க வகை செய்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் துணையுடன் உருவான சாலை விபத்துத் தகவல் தொகுப்பு, போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் ஆகிய துறைகளின் குறிப்புகளை ஒன்றிணைக்க முற்படுகிறது; தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் அதனை முதலில் மேற்கொண்ட மாநிலங்களைச் சேர்ந்தவை.

குறிப்புகளைக் காப்பதும் பயன்படுத்துவதும்

மூர்ச்சையுற்றவரிடம் சம்மதம் கேட்டல் இயலாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் சிகிச்சைக்கு வேண்டிய விவரங்களைச் சம்மதமின்றிப் பயன்படுத்த 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. எனினும், ஆய்வுக்கு அனுப்பும் தொகுப்பிலிருந்து பெயரையும் முகவரியையும் நீக்குதல் நோயாளிக்குச் செய்யும் கடமையாகும்.

இறுதியாக ஒன்று. எழுதிய குறிப்பு தலைமையகத்திற்குச் சென்று மறைந்துவிடுமாயின், அடுத்த மாதம் கட்டங்கள் வெறுமையாகவே வரும். எழுதிய நர்சுகளையும் மருத்துவர்களையும் மாதம் ஒருமுறை கூட்டி, சென்ற மாதம் எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் இறந்தனர், அவர்களுள் எவர் எவ்வளவு நேரம் காத்திருந்தனர் என்பதைப் படித்துக் காட்டுதல் வேண்டும். இரவு நேரத்தில் இரத்தம் கிடைக்காமையால் இருவர் இறந்தனர் என்பது அக்கூட்டத்தில் தெரியவந்தால், மறுநாளே அதற்கு ஏற்பாடு செய்ய முடியும். பதிவேடு வைப்பதன் நோக்கம் இதுவேயன்றிப் பிறிதன்று.