மின்னிலையக் கழிவுநீரும் மட்டக்களப்பு வாவியும்

ஈழத்தின் கீழ்க்கரையிலே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடப்பது மட்டக்களப்பு வாவி. பாடும் மீனாற் புகழ்பெற்ற இவ்வாவி பாலமீன்மடு முகத்துவாரத்தாலும், தெற்கே கல்லாற்றுப் பக்கத்து வாயிலாலும் கடலோடு தொடர்புறுகின்றது. கோடையில் மணற்றிட்டு வாயை அடைத்துக்கொள்ளும்; மாரி வெள்ளம் பெருகும்போதே அது திறக்கும். ஆதலால் வாவியிற் கலந்த பொருள் எதுவாயினும் விரைந்து கடலை அடைதல் அரிது. இறாலும் நண்டும் மடவையும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல இந்நீரையே நம்பியுள்ளன. இத்தகைய நீர்நிலையில் ஆலைக் கழிவைக் கலக்கலாமா, கலப்பின் எவ்வளவு கலக்கலாம் என்னும் வினாவுக்கு விடை காண உதவும் வழிகளுள் ஒன்று நீர்வாழுயிர் நச்சுச் சோதனை.

வாவிக்கரையிற் பெரிய அனல்மின்னிலையம் எதுவும் இல்லை. எனினும் அயல் மாவட்டமாகிய திருகோணமலையிலே, கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள சம்பூரில், 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் அமைக்கும் திட்டம் இருந்து 2016 இற் கைவிடப்பட்டது. மேற்குக் கரையில் நுரைச்சோலை நிலையத்தின் முதற் பகுதி 2011 இல் இயங்கத் தொடங்கியது. 2014 இல் அதன் ஆற்றல் 900 மெகாவாற்று ஆயிற்று. சுண்ணாகத்திலே மின்னிலைய எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரை மாசுபடுத்தியமை குறித்து உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்து, 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. இவற்றை நோக்குமிடத்து, கழிவு கலந்தபின் வருந்துவதிலும் கலக்குமுன் அளந்தறிதலே சிறந்தது என்பது தெளிவாகும்.

மின்னிலையக் கழிவுநீர் ஒரே தன்மையதன்று. நீராவியைக் குளிர்விக்கப் பயன்பட்டு வெளியேறும் வெந்நீர் அதன் பெரும்பகுதி. குழாய்களிற் சிப்பியும் பாசியும் படியாதிருக்க அந்நீரிற் குளோரீன் சேர்ப்பர். நிலக்கரிச் சாம்பற் குட்டையிலிருந்து ஆசனிக்கு, செலனியம், கட்மியம் முதலியன கசியலாம். கொதிகலனைக் கழுவிய நீரிலே அமிலமும் காரமும் செம்பும் இருக்கும். எண்ணெய் எரிக்கும் நிலையமாயின் எண்ணெய்ப் படலமும் சேரும். வெந்நீரோ தானே ஒரு கேடு: 20 பாகை செல்சியசில் நன்னீர் இலீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்க, 30 பாகையில் 7½ மில்லிகிராம் அளவே வைத்திருக்கும். வெப்பம் ஏறுந்தோறும் மீனுக்குத் தேவையான ஒட்சிசன் மிகும், கிடைப்பதோ குறையும்.

இப்பொருள்களை இரசாயன முறையால் ஒவ்வொன்றாக அளந்தால் போதாதோ எனின், போதாது. பட்டியலில் உள்ளவற்றையே இரசாயனவியலார் தேடுவர், இல்லாதது தப்பிவிடும். தனித்தனியே எல்லைக்குள் அடங்கும் இரு நஞ்சுகள் கூடியபோது கொல்லவும் கூடும். உயிரோ பட்டியல் பார்ப்பதில்லை. நீரிலுள்ள அனைத்தையும் ஒருங்கே உணர்கின்றது.

சோதனை முறை எளியது. கழிவுநீரை 100, 50, 25, 12.5, 6.25 நூற்றுவீதமாகத் தூய நீரிற் கலந்து தொட்டிகளில் இடுவர். தூய நீர் மட்டும் கொண்ட ஒப்பீட்டுத் தொட்டியும் வைப்பர். மீன்களை 96 மணி நேரமும் தப்னியா என்னும் நீர்த்தெள்ளை 48 மணி நேரமும் அவற்றில் விட்டு நோக்குவர். பாசியின் வளர்ச்சியை 72 மணி நேரம் அளப்பர். ஒப்பீட்டுத் தொட்டியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட மீன்கள் இறப்பின் அச்சோதனை செல்லாது. குற்றம் கழிவினதோ தொட்டியினதோ என்று பிரித்தறிய இயலாதாகையால்.

உயிர்களிற் பாதியைக் கொல்லும் செறிவே அரைக்கொல்லிச் செறிவு எனப்படும். 25 நூற்றுவீதக் கலவையிற் பாதி மீன்கள் மடிந்தன எனக் கொள்க. நூறை இருபத்தைந்தால் வகுக்க வரும் 4 என்பது அக்கழிவின் நச்சலகு. இவ்வலகு மிகுந்தோறும் நஞ்சு மிகும்.

ஆயின் மாதிரி எடுக்கும் முறை பிழைத்தால் முடிவும் பிழைக்கும். குளோரீனைச் சில நிலையங்கள் இடையிட்டே சேர்க்கும். சேர்க்காத வேளையில் எடுத்த நீர் தூயதாகத் தோன்றும். எடுத்த நீரை நாட்கணக்கில் வைத்திருப்பின் குளோரீன் அகன்றுவிடும். ஆய்வுகூடத்திலே நீரைக் குறித்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தே மீனை விடுவர். எனவே வெந்நீரின் கேட்டை இச்சோதனை காட்டாது. அதனை வெளிவாயிலிலேயே வேறாக அளத்தல் வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாரியில் அதன் நீர் நன்னீரை ஒத்திருக்கும். கோடையில் உவர்ப்பு ஏறும். தப்னியா நன்னீருயிர், உவர்நீரில் அது மாண்டால் கழிவைக் குற்றஞ்சாட்டல் ஆகாது. ஆதலால் உவர்ப்பின் ஏற்றத்தாழ்வைத் தாங்கும் உள்ளூர் இறாற் குஞ்சு, மீன்குஞ்சு ஆகியவற்றை, இரு பருவத்து உவர்ப்பிலும் வைத்துச் சோதித்தலே தகும்.

நான்கு நாள் உயிர்த்திருத்தலும் முழு நலத்துக்குச் சான்றாகாது. யப்பானின் மினமாத்தாவிலே, ஆலைக் கழிவிலிருந்த இரசச் சேர்மம் மீனுடலிற் சேர்ந்து, அம்மீனை உண்ட மக்களின் நரம்புகளைச் சிதைத்தது; அந்நோய் 1956 இல் வெளிப்பட்டது. மீன் உயிரோடு நீந்தியும் நஞ்சைச் சுமக்கலாம். ஆகவே வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் நோக்கும் நெடுநாட் சோதனையும், சேற்றையும் மீன் தசையையும் பகுத்தறிதலும் உடன் நிகழ வேண்டும்.

இந்தியாவின் 1986 ஆம் ஆண்டுச் சுற்றாடல் பாதுகாப்பு விதிகளின் பொதுநியமம், கலப்பற்ற கழிவுநீரில் 96 மணி நேரத்தின் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் உயிரோடிருத்தல் வேண்டும் என்கின்றது. இலங்கையிலே 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் கழிவு வெளியேற்றத்தை உரிமத்துக்கு உட்படுத்துகின்றது. சட்டம் எல்லையை வகுக்கலாம். அவ்வெல்லை காக்கப்படுகின்றதா என்பதை அளவீடே காட்டும். ஒரு தொட்டி, சில குஞ்சுகள், நான்கு நாட் பொறுமை: இவ்வளவே இதற்கு வேண்டுவன. கிழக்கின் கல்லூரிகளிற் பயிலும் விஞ்ஞான மாணவர் கைக்கொள்ளத்தக்க பணி இது. வாவியை நம்பி வலை வீசுவோர்க்கு அது செய்யும் உதவியோ பெரிது.