பழைய காருக்குப் பிரேக்: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்



வீட்டுச் செலவில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று உங்களுக்கு யாரும் பாடம் சொல்லித் தரத் தேவையில்லை. மாதக் கடைசியில் ஐம்பது ரூபாவையும் எண்ணிப் பார்த்துச் செலவழிப்பவர்கள் நீங்கள். ஆனால் வாசலில் நிற்கும் பழைய காருக்குச் செலவு வந்துவிட்டால், "அது ஆம்பிளைகளின் விடயம்" என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். அந்தக் காரின் பின் ஆசனத்தில் பிள்ளைகளோடு அமர்ந்திருப்பது யார்? நீங்கள்தானே!

நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. முப்பது வயதைக் கடந்த கொரோலாவும் சன்னியும் லான்சரும் இன்றும் நம் வீடுகளில் உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கார் பழையதாக இருப்பது குற்றமல்ல. பழையதுதானே என்று அலட்சியம் செய்வதுதான் குற்றம். அந்தக் குற்றத்தை நானே செய்திருக்கிறேன்.

எங்களிடம் இருப்பது 1988ஆம் ஆண்டின் நிசான் சன்னி. சில ஆண்டுகளுக்கு முன் அதன் முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. "பழைய கார்தானே, குறைந்த விலையில் ஒன்று தாருங்கள்" என்று கேட்டு வாங்கினேன். பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, எந்த வாகனத்துக்குரியது என்ற விபரமும் இல்லை. ஊருக்குள் ஓடியபோது ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் கண்டியிலிருந்து கொழும்புக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டோம். கார் நிறைய ஆட்கள், சாமான்கள். கடுகண்ணாவை இறக்கத்தில் சில வளைவுகள் தாண்டியதும் மனைவி சொன்னார், "இஞ்சாருங்க, ஏதோ எரியிற வாடை வருது." அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் முழுப் பலத்தையும் கொடுத்தும் கார் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, அல்லாஹ்வின் உதவியால் ஓரத்தில் ஒரு மேட்டோடு நிறுத்தினேன். முன் சில்லுக்குப் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு. பின்னால் சின்ன மகள் ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சூடு ஆறும்வரை காத்திருந்து, மெதுவாக மாவனல்லைக்கு வந்து ஒரு கராஜில் காட்டினோம். பாஸ் பேட்டைக் கழற்றிக் காட்டினார். மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கியது, ஓரம் வெடித்திருந்தது. "மௌலவி, கார் பழசுதான். ஆனா இறக்கம் அதே இறக்கம்தானே?" என்றார்.

பேட் செய்யும் வேலை

பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் ஓர் ஏற்பாடு. சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் நெரித்துப் பிடிப்பதே பேட். நீண்ட இறக்கத்தில் ஓயாமல் மிதிக்கும்போது சூடு ஏறிக்கொண்டே போகும். அந்தச் சூட்டைத் தாங்காத பேட் பிடியை இழந்துவிடும். ஆகவே நல்ல பேட் வைத்திருப்பவரும் இறக்கத்தில் குறைந்த கியரில் இறங்க வேண்டும்.

எதை வாங்குவது?

கடைகளில் பொதுவாக மூன்று வகை உண்டு. நார், ரப்பர், பசை கலந்து செய்த ஓர்கானிக் வகை சத்தம் குறைந்தது. தட்டையும் அதிகம் தேய்க்காது. ஊருக்குள் ஓடும் சிறிய பழைய காருக்கு இதில் தரமானது போதும். ஆனால் சீக்கிரம் தேயும். கடும் சூட்டில் தளரும். உலோகத் துகள் கலந்த செமி மெட்டாலிக் வகை சூட்டை நன்கு தாங்கும். மலைப் பாதையில் பாரத்தோடு அடிக்கடி போகிறவர்களுக்கு இது பொருந்தும். சத்தமும் கரும் தூளும் கொஞ்சம் கூட. தட்டும் சற்று வேகமாகத் தேயும். செராமிக் வகை சத்தமும் தூளும் குறைந்தது, விலை கூடியது. பழைய காருக்கு அது கட்டாயமில்லை.

எந்த வகையானாலும் தயாரித்தவர் பெயரும் பாக இலக்கமும் உள்ளதையே வாங்குங்கள். காரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் பல ஆண்டுகள் வெவ்வேறு அளவுகள் வந்துள்ளன. பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் ஊர்க் கடைக்குப் போனாலும், செசி இலக்கத்தையும் கழற்றிய பழைய பேட்டையும் கொண்டுபோய் ஒப்பிடச் சொல்லுங்கள்.

பல பேட்களின் ஓரத்தில் எஃப்எஃப், எஃப்ஈ போன்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரண நிலையில் உள்ள பிடியையும், இரண்டாவது சூடேறிய பின் உள்ள பிடியையும் குறிக்கும். ஈயைவிட எஃப், எஃப்பைவிட ஜீ பிடி கூடியது. எஃப்ஈ என்றிருந்தால் சூட்டில் பிடி குறையும் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

தூள் விடயத்தில் கவனம்

முன்பு பேட்களிலும் பின் சில்லு லைனர்களிலும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தார்கள். அஸ்பெஸ்டஸ் எந்த வகையானாலும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அஸ்பெஸ்டஸ் இல்லாதது என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். பழைய பிரேக்கின் தூளைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. வீட்டு முற்றத்தில் இந்த வேலை நடந்தால் பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். வேலை செய்தவரின் உடுப்பை உதறாமல் தனியாக நனைத்துக் கழுவுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

பிரேக் பிடிக்கும்போது கீச்சென்ற சத்தமோ உராயும் சத்தமோ வருகிறதா? கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? பேட்டின் கனம் 3 மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

மாற்றும்போது இடம், வலம் இரு சில்லுகளுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். தட்டின் கனத்தை அளந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதனால் சூட்டில் கொதித்துப் பிரேக்கைக் கெடுக்கும். இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது. பேட் மாற்றியதும், காரை எடுக்குமுன் பெடல் இறுகும்வரை சில தடவை மிதிக்க வேண்டும். முதல் 200, 300 கிலோமீற்றர் வரை அவசியமின்றிக் கடுமையாகப் பிரேக் பிடிக்கக் கூடாது.

சகோதரிகளே, அன்று நான் மிச்சம் பிடித்த தொகை, அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் கொண்டுபோன அன்பளிப்பின் விலைகூட இல்லை. இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் மனைவி கேட்கிறார், "பிரேக் பார்த்தீங்களா?" பார்த்துவிட்டேன் என்று சொல்லும்வரை அவர் ஏறுவதில்லை. நீங்களும் கேளுங்கள்.