தூசு தந்த நோயும் நட்டஈடும்

அஸ்பெஸ்ரஸ் என்பது கல்லிலிருந்து எடுக்கப்படும் நார். கூரைத் தகடு செய்வோரும் அறுப்போரும் அதன் தூசைச் சுவாசிக்கின்றனர். சுவாசப்பையில் தங்கும் தூசு, இருபது முப்பது வருடங்களின் பின்பே இளைப்பாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும். அப்போது, "எம்மிடம் வேலை செய்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்று முதலாளி கேட்டால் ஏழைத் தொழிலாளி என்ன செய்வார்?

1995 இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது. தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையின் ஓர் அங்கம் என்றது. அஸ்பெஸ்ரஸ் தொழிலாளர் ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடங்கள், அல்லது வேலை விட்டபின் 15 வருடங்கள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை நிறுவனம் பேண வேண்டும் எனக் கட்டளையிட்டது. வழக்குக்குட்பட்ட ஆலைகளில் நோய் உறுதிப்படுத்தப்படும் தொழிலாளருக்குத் தலா ஒரு இலட்சம் இந்திய ரூபா வழங்கவும் பணித்தது.

இவ்வாறு அத்தாட்சியைக் காப்பது முதலாளியின் கடமையாயிற்று. ஆயினும் நாட்கூலிகளின் பெயர் பல வேளைகளில் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. ஆகவே கூலிக்குப் போகும் நாமும் வேலைத்தலத்தின் பெயர், திகதி, செய்த வேலை என்பவற்றை எழுதி வைப்போம். சம்பளத் துண்டையும் வைத்தியத் துண்டையும் அடையாள அட்டையோடு சேர்த்து வைப்போம். இடம்பெயரும்போது தூக்கும் பையில் அவையும் இருக்கட்டும்.