பண்ணைப் பயிற்சிக்குப் புறப்படுமுன்

நிலத்தைக் கெடுக்காத சாகுபடியையும் வாழ்க்கை முறையையும் கையால் செய்தே கற்கும் பயிற்சிகளுக்கு இக்காலத்தில் குடியானவர்கள் பலர் போய் வருகின்றனர். மூன்று நாள் பயிற்சி என்றால், போக்குவரத்தோடு ஐந்து நாள் ஆகிவிடுகிறது. அந்த ஐந்து நாளும் கறவை மாட்டிற்குத் தீனி வைக்க ஓர் ஆள் வேண்டும்; மடை திருப்ப ஓர் ஆள் வேண்டும்; பஸ் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் கைப்பணம். சிறு குடியானவருக்கு இது இலேசான செலவன்று. அவ்வளவும் செய்து போகிறவர், பையில் இரண்டு வேட்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்து வைத்ததும் ஆயத்தம் முடிந்ததென்று எண்ணிவிடுவது வருந்தத் தக்கது.

அப்படிப் போகிறவர் கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டு மிக்க உற்சாகத்தோடு ஊர் திரும்புகிறார். அந்தப் போகமே நிலம் முழுவதற்கும் இரசாயன உரத்தை நிறுத்திப் புது முறையைக் கையாளுகிறார். அவருடைய மண்ணிலோ மக்கு மிகக் குறைவு. கொட்டிலில் மாடு ஒன்றுதான். கதிர் குட்டையாகிக் கண்டுமுதல் குறைந்துபோகிறது. நகையை அடகு வைத்துப் பயிர் செய்த வீட்டில் அதன் பிறகு இயற்கை விவசாயம் என்ற பேச்சையே எடுக்க முடிவதில்லை. பயிற்சியில் சொன்னது பொய்யன்று, செய்தவரும் சோம்பேறியல்லர். வேறொரு பூமிக்கு ஏற்ற முறையை, தம் பூமி எத்தகையதென்று அறியாமலே கொண்டுவந்துவிட்டார். ஆகையால் ஆயத்தத்தின் பெரும்பகுதி பையில் இல்லை, வயலிலேயே இருக்கிறது.

கரூர் மாவட்டத்துக் கடவூரை அடுத்த சுருமான்பட்டியிலுள்ள வானகம் பண்ணையை உதாரணமாகக் கொள்ளலாம். கோ. நம்மாழ்வார் 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய பண்ணை இது. 2013 டிசம்பர் 30-ஆம் தேதி காலமான அவர் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மலைகள் சூழ்ந்த வறண்ட பிரதேசம்; இத்தகைய பூமியில் பெய்த மழையைத் தேக்குவதும், மண்ணின்மேல் மூடாக்கு இடுவதுமே முதல் வேலை. காவிரிப் பாசனக் களிமண்ணில் நெல் பயிரிடுகிறவருக்கோ அடைமழையில் நீரை வடிப்பதுதான் முதற் கவலை. நம்மாழ்வார் தாமே தஞ்சாவூர் ஜில்லா இளங்காட்டில் பிறந்து, 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்கு அமர்ந்து, மானாவாரிக் கரிசலில் மழை தவறினால் விலையுயர்ந்த இடுபொருள்கள் வீணாவதைக் கண்டவர். ஓர் ஊர் வைத்தியம் மற்றோர் ஊருக்கு அப்படியே ஒவ்வாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாக மண் எடுத்தல் வேண்டும். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் இவற்றை நீக்கி, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ‘வி’ வடிவத்தில் ஆறு அங்குல ஆழம் வெட்டவேண்டும். வெட்டிய பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சுரண்டிய மண்ணை ஒன்றாய்க் கலந்து, நான்காய்ப் பகுத்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளி ஒரு கிலோ அளவுக்குக் குறைத்து நிழலில் உலர்த்தவேண்டும். பாதி மண் பரிசோதனை நிலையத்திற்கு. மற்றப் பாதி துணிப்பையில் பயிற்சிக்கு. அதில் சிறிதெடுத்து, கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு மண்ணும் மற்றது நீருமாக நிரப்பி நன்றாய்க் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிஷத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி ஒரு நாளானாலும் கலங்கலாய் நிற்கும். குழந்தைகளும் விருப்பத்தோடு செய்யக்கூடிய இந்தச் சோதனையை, முப்பது வருஷம் உழுதவர்களிற் பலர் ஒரு முறையும் செய்து பார்த்ததில்லை.

நீரின் கணக்கு எளிது. 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப இறைப்பு யந்திரத்திற்கு எத்தனை நிமிஷம் ஆகிறதென்று கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் பார்த்துக் குறித்தால் போதும். மானாவாரிக்காரர், ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 40,000 லிட்டர் என்பதை மனத்தில் வைத்து, அதில் எவ்வளவு வரப்பைத் தாண்டி ஓடுகிறதென்று ஒரு மழையிலாவது நின்று கவனிக்கவேண்டும். வீட்டு விதையில் நூறு மணியை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறதென்று எண்ணிக்கொள்வதும் நலம்.

எருவின் கணக்கில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். ஜீவாமிர்தம் என்னும் கரைசலுக்கு ஓர் ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் இரண்டிரண்டு கிலோ, கைப்பிடி மண், 200 லிட்டர் நீர் என்று சொல்லக் கேட்டதும், ஒரு மாட்டின் ஒரு நாள் சாணத்தில் ஏக்கர் முழுதும் விளையும் என்ற மகிழ்ச்சி உண்டாகிறது. மண்ணில் தழையும் எருவும் இருந்தால் நுண்ணுயிர்கள் அவற்றை மக்கச் செய்வதற்கே இக்கரைசல் இடப்படுகிறது. மக்குவதற்கு ஒன்றுமில்லாத மண்ணில் அது தனியே என்ன செய்யும்? தொழு உரமோ ஏக்கருக்கு 5 டன் இடுவது வழக்கமான சிபாரிசு. நாளொன்றுக்கு 10 கிலோ சாணமிடும் மாடு ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்குச் சற்று அதிகமாகத் தரும். மக்கி உலர்ந்தால் அதில் பாதியும் தேறாது. இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு ஐந்து ஏக்கருக்கு எருவிட இயலாதென்பது இதனால் விளங்கும். இக்கணக்கை எழுதிக்கொண்டு போகிறவர், பயிற்சியில் கரைசலைப் பற்றி மட்டும் கேளார். தக்கைப்பூண்டை எப்போது விதைப்பது, பல தானியங்களைக் கலந்து விதைத்து எத்தனை நாளில் மடக்கி உழுவது, தம் நீருக்கு அது கட்டுமா என்று கேட்பார்.

பையில் வைக்கவேண்டியவை சொற்பமே: சேறு படலாகாதென்று அஞ்சவேண்டாத பழைய பருத்தித் துணி, துண்டு, போர்வை, கைவிளக்கு, தட்டும் டம்ளரும், வழக்கமாய்ச் சாப்பிடும் மருந்து, கைக்குப் பழகிய அரிவாள் ஒன்று. சாணத்திலும் மண்ணிலும் இசிவு நோய்க் கிருமி இருப்பதால், தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு கடந்தவர்கள் மறுபடி போட்டுக்கொள்ளுதல் அவசியம். பட்டணத்து உத்தியோகத்தை விட்டுப் பூமிக்குத் திரும்ப எண்ணுகிறவர்கள், ஒரு வாரம் முன்பிருந்தே காலையில் ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடித்துப் பழகாவிட்டால், முதல் நாளே கை கொப்பளித்து மற்ற இரண்டு நாளும் வேடிக்கை பார்க்க நேரிடும். கடவூர்க் காடுகள் 2022-இல் தேவாங்குச் சரணாலயமாக்கப்பட்டவை. இரவில் அப்பக்கம் நடப்பவர் விளக்கை மரங்களில் அடியாமல் வழியில் அடித்து நடப்பது மரியாதை.

யார் போவதென்பதையும் வீட்டில் கூடிப் பேசவேண்டும். சாணம் அள்ளுபவரும், விதை பொறுக்கிச் சாம்பல் கலந்து வைப்பவரும் பல வீடுகளில் பெண்களே. ஆண் மட்டும் போய்க் கற்றுவந்து, மனைவிக்குக் கட்டளையிட்டு நடத்தும் வேலை எத்தனை நாள் நடக்கும்? இருவரும் போக இயலாதாயின், மாட்டைப் பார்ப்பவர் போவதே நியாயம். அந்த நாட்களில் பால் கறக்க மற்றவர் பழகிக்கொள்ளட்டும்.

கடைசியாக, சோதனைக்கு உரிய இடத்தைப் புறப்படுமுன்னரே குறித்துவிடவேண்டும். திரும்பி வந்தபின் குறிக்கலாமென்றால் உற்சாகம் இடந்தராது. 2021-ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நாடு முழுவதற்கும் தடைசெய்து, விளைச்சல் குறையும் நிலை கண்டு அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த நேர்ந்தது. தனிக் குடும்பத்திற்கு அப்படித் திருத்திக்கொள்ள வேறு கஜானா இல்லை. ஒரே மண்ணும் ஒரே மடையும் உள்ள இடத்தில் பத்து சென்ட் புது முறைக்கும், அதை ஒட்டிய பத்து சென்ட் பழைய முறைக்கும் என்று நான்கு மூலையிலும் முளை அடித்து, மற்ற நிலத்தை வழக்கம்போல் விட்டுவிடலாம். பத்து சென்டுக்கு வேண்டிய ஜீவாமிர்தம் 20 லிட்டர். சாணம் ஒரு கிலோ. இரண்டு துண்டிலும் செலவையும் கண்டுமுதலையும் தனித்தனியே எழுத, நோட்டுப் புத்தகத்தின் முதல் இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டுக்கொண்டு பஸ் ஏறலாம்.