பாறையின் இழையும் அணையின் வீழ்ச்சியும்

விறகு பிளப்பவன் கோடரியை ஓங்குமுன் கட்டையைப் புரட்டிப் பார்க்கிறான். அவன் தேடுவது மரத்தின் இழையை. இழைவழி விழும் அடி கட்டையை இரு கூறாக்கும். குறுக்கே விழுந்தாலோ கோடரிதான் சிக்கிக்கொள்ளும். மரத்திற்கு இழை உண்டென்பதை யாவரும் அறிவர். பாறைக்கும் இழை உண்டென்பதையும், அதன் போக்கு முழுதும் உணரப்படாத இடத்தில் எழுந்த ஓர் அணை என்னவாயிற்று என்பதையும் ஈண்டுக் காண்போம்.

பாறைகளை அவை தோன்றிய முறைபற்றி மூவகையாகப் பிரிப்பர் நிலநூலார். உருகிய குழம்பு ஆறி இறுகியவை ஒருவகை. மணலும் சேறும் படிந்து கெட்டியானவை மற்றொரு வகை. இவை நிலத்தின் ஆழத்தில் புதையுண்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், உருகாமலே தம் இயல்பு திரிந்தால் அவற்றை உருமாறிய பாறைகள் என்கிறோம். அவ்வாறு திரியும்போது, அப்பிரகம் போன்ற தகட்டு வடிவான கனிமங்கள், அமுக்கும் விசைக்குத் தம் தட்டையான முகத்தைக் காட்டி வரிசை வரிசையாக அமைகின்றன. இதுவே பாறையின் இழை. அடுக்குத்தளம் என்றும் கூறலாம். பள்ளிப் பிள்ளைகள் முன்னாளில் எழுதிப் பழகிய சிலேட்டு, மினுமினுக்கும் சிஸ்ட்டு, கருமையும் வெண்மையும் பட்டை பட்டையாக ஓடும் நைஸ் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை.

ஆழத்தில் வெப்பம் மிகுந்து, எப்பக்கமும் அழுத்தம் சூழ்ந்திருக்கையில் இவ்வடுக்குகள் எளிதில் உடைவதில்லை. கோரைப்பாய்போல் மடிந்து வளைகின்றன. மலைச்சரிவுகளில் அலையலையாகத் தோன்றும் பாறை மடிப்புகள் அவ்வாறு உண்டானவையே. ஆனால் நிலமேற்பரப்பை அடுத்துள்ள குளிர்ந்த பாறை அத்துணை எளிதில் வளையாது. விசை மிகுந்தால் பிளக்கும்.

எத்திசையில் பிளக்கும்? புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நேர்மேலிருந்து அமுக்கிப் பாருங்கள், அடுக்கு அசையாது. அதையே சாய்த்து வைத்து அமுக்கினால் புத்தகங்கள் சறுக்கிக் கலைந்துவிடும். பாறையின் நிலையும் இதுவே. ஆஸ்திரேலிய அறிஞர் ஜேகர் 1960இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார். அமெரிக்கரான டோனத் 1961இல் சிலேட்டுப் பாறைத் துண்டுகளைப் பல்வேறு சாய்வில் வெட்டி, அழுத்தி உடைத்துச் சோதித்தார். அமுக்கும் திசைக்கு 30 பாகையை ஒட்டிய சாய்வில் அடுக்குகள் இருக்கும்போது பாறை மிக எளிதில் உடைகிறது. அடுக்குகள் குறுக்காக இருக்கும்போது பன்மடங்கு தாங்குகிறது. ஆகவே, "இப்பாறையின் வலிமை என்ன?" என்று மட்டும் வினவுதல் போதாது, "எத்திசையில்?" என்றும் வினவவேண்டும்.

அவ்வினாவின் அருமையை உலகுக்கு உணர்த்தியது பிரான்சு நாட்டின் தென்பகுதியிலிருந்த மால்பசே அணை. பிரெஜூசு நகருக்கு மேலே, ரெய்ரான் என்னும் சிற்றாற்றின் குறுக்கே 1954இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை வில்போல் வளைந்தது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுடையது. அடியில் 7 மீட்டருக்கும் குறைந்த பருமன், உச்சியில் 1.5 மீட்டரே. வில்லணை தன் எடையால் நீரைத் தடுப்பதில்லை. நீரின் விசையை இரு கரைப் பாறைகளின்மீதும் சாய்த்துவிட்டு நிற்பது அது. ஆதலின், கரைப் பாறையே அணையின் உயிர். மால்பசேயில் அப்பாறை நைஸ்.

ஐந்தாண்டுகளாக நீர்மட்டம் மெல்ல மெல்லவே ஏறியது. 1959 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழை நீர்த்தேக்கத்தை முதன்முறையாக விளிம்பளவுக்கு நிரப்பிற்று. டிசம்பர் 2ஆம் நாள் இரவு 9 மணி கடந்த சிறிது நேரத்தில் அணை தகர்ந்தது. திரண்டெழுந்த வெள்ளம் பள்ளத்தாக்கின்வழி பாய்ந்து, அரைமணி நேரத்துக்குள் பிரெஜூசை அடைந்தது. நானூற்றுக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர்.

கட்டுமானக் கலவையில் குற்றம் இல்லை என்பது விசாரணையில் தெளிவாயிற்று. குற்றம் இடக்கரைப் பாறையில் இருந்தது. அங்கே நைஸின் அடுக்குகள், அணை தள்ளும் திசைக்கு ஏறக்குறைய இணையாகவே ஓடின. விசை அடுக்குகளுக்குக் குறுக்காகச் சென்றால் அகன்று பரவித் தணியும். இணையாகச் சென்றாலோ பரவாமல், குறுகிய பட்டையாகவே நெடுந்தொலைவு உள்ளிறங்கும். அப்பட்டையில் பாறையின் நுண்பிளவுகள் இறுக மூடிக்கொண்டன. நைஸை அழுத்த அழுத்த அதனூடே நீர் கசிவது வெகுவாகக் குறைகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பெர்னே சோதனைகளால் காட்டினார். எனவே கண்ணுக்குப் புலப்படும் அணைக்குக் கீழே, புலப்படாத நிலத்தடி அணை ஒன்று உருவாயிற்று! வடிய வழியற்ற நீர் அதன் பின்னே தேங்கிப் பாறையை உந்தியது. கீழ்ப்புறத்திலோ, நொறுங்கிய கல்லும் களிமண்ணும் நிறைந்த நிலப்பிளவு ஒன்று, எவரும் அறியாமல் அணையின் அடிநோக்கிச் சாய்ந்து கிடந்தது. அடுக்குத்தளம் ஒருபுறமும் அப்பிளவு மறுபுறமுமாக ஆப்பு வடிவில் வெட்டுண்ட பாறைத் துண்டம், நீரின் உந்துதலால் பெயர்ந்து வெளியேறிற்று. அதன்மேல் சாய்ந்திருந்த அணையும் உடன் சென்றது. பெரும்பாலான அறிஞர் ஏற்றுக்கொண்ட விளக்கம் இதுவே.

இத்துயரின்பின் பாறை இயந்திரவியல் தனிக் கல்வியாக விரைந்து வளர்ந்தது. அதற்கென உலகக் கழகம் ஒன்று 1962இல் ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் நகரில் தோன்றியது. அணை கட்டுவோர் இன்று அடுக்குகளின் சாய்வையும் பிளவுகளையும் அளந்து, அவை ஒன்றையொன்று வெட்டி எங்கேனும் ஆப்பாக அமைகின்றனவா எனக் கணக்கிடுகின்றனர். கரைப் பாறையில் துளையிட்டு, உட்புகும் நீர் வடிய வழி செய்கின்றனர். நீரழுத்தத்தை இடைவிடாது அளக்கின்றனர்.

மால்பசேயின் உடைந்த சுவர்கள் இன்றும் அப்பள்ளத்தாக்கில் நிற்கின்றன. பாறை கெட்டியானதுதான். ஆயினும் ஒரு துளைவழியே நீரை வடிய விட்டிருந்தால் தணிந்திருக்கும் விசை, வழியடைபட்டபோது மலையையே பெயர்த்தது. விறகு பிளப்பவன் ஒரு கட்டைக்காகப் பார்க்கும் இழையை, ஓர் ஊரின் உயிரைச் சுமக்கும் பாறையில் பாராதிருத்தல் தகுமோ?